ஈரானில் பதினோரு இரவு: எந்த ஊரில், எதை, எத்தனை மணிக்கு

ஈரானுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் ஊர்ப் பட்டியல் போடுகிறார்கள். தெஹ்ரான், கஷான், இஸ்ஃபஹான், யஸ்த், ஷீராஸ். கூடவே தப்ரீஸ், மஷ்ஹத், முடிந்தால் காஸ்பியன் கடற்கரை. பட்டியல் நீளுவதைவிடப் பெரிய பிசகு, அந்த நாட்டின் கடிகாரத்தையும் நாட்காட்டியையும் பார்க்காமல் அதைப் போடுவது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஷீராஸ் பஜாருக்குப் போனால் பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை காலை இஸ்ஃபஹானின் பெரிய மசூதிக்குப் போனால் தொழுகைக்காகச் சுற்றுலாப் பயணிகளை வெளியே நிறுத்திவிடுவார்கள். வண்ணக் கண்ணாடிக்குப் பேர்போன மசூதிக்கு மாலையில் போனால் கம்பளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதனால் இங்கே இடத்தைவிட நேரத்துக்குத்தான் முதலிடம்.

போகலாமா?

டிக்கெட் எடுப்பதற்கு முன் இதற்குப் பதில் தெரிய வேண்டும். 2025 ஜூனில் இஸ்ரேலுடன் 12 நாள் போர் நடந்தபோது ஈரானின் வான்வெளி மூடப்பட்டது. உள்ளே இருந்த வெளிநாட்டவர்கள் தரைவழியாக அண்டை நாடுகளுக்கு வெளியேற வேண்டியிருந்தது. அங்கே நிலைமை மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகம் ‘போக வேண்டாம்’ என்று அறிவுறுத்தும் காலத்தில் பெரும்பாலான பயணக் காப்பீடுகளும் செல்லாது. அப்படிப்பட்ட நேரத்தில் திட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். பழைய பாரசீகப் பேரரசின் தலைநகரான பெர்செபொலிஸ் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக அங்கேயேதான் இருக்கிறது.

விசா விஷயத்தில் பழைய தகவலை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2024 பிப்ரவரி 4 முதல் விமானத்தில் வந்தால் 15 நாள் வரை விசா தேவையில்லை என்று ஈரான் சலுகை தந்தது. வேலை வாங்கித் தருவதாக ஆட்களை அழைத்துப்போய்க் கடத்திய சம்பவங்களுக்குப் பிறகு, 2025 நவம்பர் 22 முதல் அதை நிறுத்தி வைத்தது. சலுகை பற்றிய பழைய காணொளிகள் இன்னும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன; அவற்றைப் பார்த்துவிட்டு விமான நிலையம் போகாதீர்கள். அமெரிக்க, பிரிட்டன், கனடா பாஸ்போர்ட் உள்ளவர்கள் தனியாகச் சுற்ற முடியாது. அங்கீகாரம் பெற்ற வழிகாட்டியுடன், முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற பயணத் திட்டத்தோடுதான் போக முடியும். பாஸ்போர்ட்டில் இஸ்ரேல் போனதற்கான தடயம் இருந்தால் அனுமதி கிடையாது.

எந்த மாதம்?

ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து மே நடுவரை முதல் தேர்வு. அக்டோபர் முதல் நவம்பர் தொடக்கம் வரை இரண்டாவது. வசந்தத்தில் ஷீராஸ் தெருக்களில் நாரத்தைப் பூ வாசம் வீசும். மே மாதத்தில் கஷானுக்குப் பக்கத்துக் கம்சரில் ரோஜா பறித்துப் பன்னீர் காய்ச்சுவார்கள். ஜூலையில் யஸ்த் 40 டிகிரியைத் தாண்டும். இஸ்ஃபஹானும் ஷீராஸும் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஏப்ரலில்கூட இரவு குளிரும். ஒரு ஸ்வெட்டர் வேண்டும். காற்று வறண்டது, உதடு வெடிக்கும். அதற்கும் ஏதாவது எடுத்துப்போங்கள்.

தவிர்க்க வேண்டியது மார்ச் 20 அல்லது 21இல் தொடங்கும் நவ்ரூஸ் புத்தாண்டின் முதல் பதின்மூன்று நாட்கள். நாடே விடுமுறையில் கிளம்பி இதே ஊர்களுக்குத்தான் வரும். ஓட்டல் கிடைக்காது, பஸ் கிடைக்காது, பெர்செபொலிஸ் படிக்கட்டில் கால் வைக்க இடம் இருக்காது. ஏப்ரல் 5க்குப் பிறகு அடங்கிவிடும். ரமலானில் பகலில் பெரும்பாலான உணவகங்கள் மூடியிருக்கும். உணவுக்காகவே போகிறவருக்கு அந்த மாதம் வீண். முஹர்ரம் 9, 10 தேதிகளில் கடைகளும் அருங்காட்சியகங்களும் மூடப்படும். இஸ்லாமிய மாதங்கள் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்வதால், போகும் ஆண்டுக்கான தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாராந்தர விடுமுறை வெள்ளி. பதினோரு இரவில் ஒரு வெள்ளியாவது வந்தே தீரும். அன்றைக்குத் தெஹ்ரானில் இருங்கள், அல்லது ஊர் விட்டு ஊர் போகும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். தெஹ்ரானின் நெரிசல் வெள்ளியன்றுதான் சற்றுக் குறையும். பெரிய பஜார் மூடியிருந்தாலும் நகர மையத்தில் கைவினைப் பொருட்களுக்கான வெள்ளிச் சந்தை கூடும்.

பாதை

பலரும் தெஹ்ரானிலிருந்து தெற்கே ஊர் ஊராக இறங்கி, ஷீராஸில் முடித்துவிட்டுத் திரும்பப் பறப்பார்கள். அதைத் தலைகீழாக்கினால் ஒரு நாள் மிச்சமாகும். தெஹ்ரானில் இரண்டு இரவு. அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் ஷீராஸ் போய் மூன்று இரவு. சாலை வழியாக யஸ்த், இரண்டு இரவு. இஸ்ஃபஹான், மூன்று இரவு. கஷான், ஒரு இரவு. கடைசி நாள் கஷானிலிருந்து நேரே சர்வதேச விமான நிலையம். அந்த நிலையம் தெஹ்ரானுக்குத் தெற்கே, கஷான் பக்கமாகவே இருக்கிறது. டாக்சியில் இரண்டரை மணி நேரம் வைத்தால் போதும். தலைநகர நெரிசலுக்குள் மறுபடி நுழைய வேண்டியதில்லை.

இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. வெளிநாட்டு விமானங்கள் இறங்குவது இமாம் கொமெய்னி விமான நிலையத்தில். ஷீராஸ் விமானம் கிளம்புவது நகரத்துக்குள் இருக்கும் மெஹ்ராபாத் விமான நிலையத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரப் பயணம். வந்து இறங்கியதும் அப்படியே ஷீராஸுக்கு மாறலாம் என்று இரண்டு மணி இடைவெளியில் டிக்கெட் போட்டால் விமானம் போய்விடும். ஐந்து மணி நேரமாவது விடுங்கள்.

சாலைத் தூரம்: ஷீராஸ்–யஸ்த் சுமார் 440 கிலோமீட்டர், யஸ்த்–இஸ்ஃபஹான் 320, இஸ்ஃபஹான்–கஷான் 210. ‘விஐபி’ என்று எழுதிய பஸ்ஸில் ஒரு பக்கம் இரட்டை, மறுபக்கம் ஒற்றை என மொத்தம் 25 இருக்கைகள்தான். கால் நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம். ஓட்டல்காரரிடம் சொன்னால் முந்தின நாள் டிக்கெட் எடுத்துத் தருவார். ஷீராஸ்–யஸ்த் மட்டும் நாள் வாடகைக்கு டாக்சி பேசிக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு வருகிறது. டாக்சியை முழுசாக உங்களுக்கே எடுப்பதற்கு அங்கே ‘தர்பஸ்த்’ என்று பெயர். அந்தச் சொல்லைச் சொல்லாமல் ஏறினால் வழியில் வேறு ஆட்களையும் ஏற்றிக்கொள்வார்கள்.

பணம், போன், உடை

உங்கள் விசா கார்டு, மாஸ்டர்கார்டு எதுவும் அங்கே வேலை செய்யாது. ஏடிஎம்மும் பணம் தராது. கையில் கொண்டுபோகும் யூரோ அல்லது டாலர்தான் மொத்தச் சொத்து. ஓட்டல்கள் சொல்லும் வாடகை, டாக்சி, சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாம் கூட்டி, அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து எடுத்துப்போங்கள். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு என்பதைக் கணக்கில் வையுங்கள். நோட்டு கிழியாமல், எழுத்துக் கிறுக்கல் இல்லாமல் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் டாக்சிக்கு மட்டும் மாற்றிவிட்டு, மீதியை நகரத்தில் ‘சர்ராஃபி’ என்று பலகை போட்ட கடையில் இரண்டு மூன்று தடவையாக மாற்றுங்கள்.

நோட்டில் அச்சிட்டிருப்பது ரியால். ஆட்கள் பேசுவது தொமான். பத்து ரியால் ஒரு தொமான். அதிலும் பேச்சில் ஆயிரத்தை விழுங்கிவிடுவார்கள். கடைக்காரர் ‘ஐம்பது’ என்றால் ஐம்பதாயிரம் தொமான், அதாவது ஐந்து லட்சம் ரியால். போதாக்குறைக்கு நாணயத்தில் நான்கு பூஜ்ஜியங்களை நீக்கும் சட்டத்தை 2025இல் நிறைவேற்றியிருக்கிறார்கள். விலை கேட்டதும் “ரியாலா, தொமானா?” என்று கேட்டு, போனில் கால்குலேட்டரில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். விலைப்பட்டியல் பாரசீக இலக்கத்தில் இருந்தால்: பூஜ்ஜியம் ஒரு புள்ளி, ஒன்று ஒரு கோடு, ஐந்து தலைகீழான இதயம். ஒரு மாலை உட்கார்ந்தால் பத்தும் மனப்பாடமாகிவிடும்.

பல இணையதளங்களும் செயலிகளும் அங்கே திறக்காது. சில சமயம் இணையமே நிற்கும். நகர வரைபடங்களை முன்பே இறக்கி வையுங்கள். ஓட்டல் முகவரியைப் பாரசீக எழுத்தில் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். பெண்கள் தலைமுடியை மறைக்க வேண்டும் என்பது சட்டம். இடுப்புக்குக் கீழே இறங்கும் தளர்வான மேலாடையும் வேண்டும். நம் ஊர்ச் சல்வாரும் துப்பட்டாவும் அப்படியே பொருந்தும். ஆண்கள் அரைக்கால் சட்டையில் வெளியே போவதில்லை. மது நாடு முழுக்கத் தடை. ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், ராணுவ, அரசுக் கட்டடங்களைப் படம் எடுக்காதீர்கள். இஸ்ஃபஹான்–கஷான் வழியில் நதன்ஸ் அணுசக்தி நிலையம் சாலையோரமாகவே இருக்கிறது. அந்தப் பகுதியில் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

ஒரு நாளின் கணக்கு

காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை மசூதியும் அருங்காட்சியகமும். ஒரு மணி முதல் நான்கு வரை சாப்பாடு, தூக்கம். ஊரே அப்போது தூங்கும், நீங்களும் தூங்குங்கள். ஐந்துக்கு மேல் பஜார், தோட்டம், பாலம். இரவு உணவு எட்டரைக்கு மேல்தான் களை கட்டும். ஆறரைக்கு உணவகம் போனால் நீங்கள் மட்டும் உட்கார்ந்திருப்பீர்கள், பகலில் மிஞ்சிய சோறுதான் வரும். இந்தக் கணக்கில் போனால் நாளுக்கு மூன்று இடம் பார்க்கலாம். ஆறு இடம் என்று எழுதிக்கொண்டு போனால் நாலு மூடியிருக்கும்.

தெஹ்ரான்

இரண்டு இரவு போதும். முதல் நாள் தேசிய அருங்காட்சியகம். இமாம் கொமெய்னி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். பெர்செபொலிஸிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த அரச தரிசனச் சிற்பம் இங்கேதான் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு ஷீராஸ் போனால் அங்கே வெறும் மேடையைப் பார்க்கும்போது என்ன காணவில்லை என்பது புரியும். கோலெஸ்தான் அரண்மனைக்கு பான்ஸ்தா கொர்தாத் நிலையம். அங்கே ஒவ்வொரு மண்டபத்துக்கும் தனிச் சீட்டு, எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்க வேண்டும். முதன்மை மண்டபங்களுக்கான சீட்டை விட்டுவிடாதீர்கள், கண்ணாடி மண்டபம் அதில்தான் வரும். தேசிய நகைக் காட்சிக்கூடம் வாரத்தில் சில நாள், அதுவும் சில மணி நேரம்தான் திறக்கும்; ஓட்டலிலிருந்து போன் போட்டு விசாரிக்கச் சொல்லுங்கள். திறந்திருந்தால் மற்றதை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் போகலாம்: கோல்கொண்டாச் சுரங்கத்து தர்யாயே நூர் வைரம், 1739இல் நாதிர் ஷா டெல்லியிலிருந்து அள்ளிப்போனது, அங்கே இருக்கிறது. மாலைக்கு 2014இல் திறந்த தபியத் நடைபாலம். ஆசாதி கோபுரத்தை வண்டியிலிருந்தே பார்த்தால் போதும் என்பது எங்கள் கருத்து.

மெட்ரோவில் ரயிலின் இரு முனைகளிலும் பெண்களுக்கான பெட்டிகள் உண்டு. பெண்கள் எந்தப் பெட்டியிலும் ஏறலாம். ஆண்கள்தான் கவனிக்க வேண்டும்.

ஷீராஸ்

முதல் காலை நசீருல் முல்க் மசூதி. 1876–1888இல் கட்டியது. தொழுகைக் கூடம் முற்றத்தின் மேற்குப் பக்கம், வண்ணக் கண்ணாடிக் கதவுகள் கிழக்கே பார்த்தபடி. அதனால்தான் காலை வெயில் மட்டும் உள்ளே விழுகிறது. திறக்கும் நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். பத்தரைக்குள் நிறம் சுருங்கிவிடும். கோடையில் சூரியன் சீக்கிரம் உச்சிக்கு ஏறுவதால் வண்ணம் கதவோரமே நிற்கும். இலையுதிர், குளிர் காலத்தில் சாய்ந்த வெயில் கம்பளத்தின் உள்வரை ஓடும். படங்களில் பார்த்தது அந்த வெயில்.

அடுத்த நாள் பெர்செபொலிஸ், ஊரிலிருந்து 60 கிலோமீட்டர். எட்டு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். நிழலே கிடையாது, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி. பெரிய படிக்கட்டில் 111 படிகள், ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் அளவே உயரம், பட்டாடை தடுக்காமல் பிரமுகர்கள் ஏறுவதற்கு வசதியாக. பாரசீகப் பேரரசர் தாரியஸ் கி.மு. 518 வாக்கில் தொடங்கியது, அலெக்சாந்தர் கி.மு. 330இல் எரித்தது. தூண்களைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறவர்கள் அதன் சாரத்தை விட்டுவிடுகிறார்கள். அபதானா மண்டபத்தின் கிழக்குப் படிக்கட்டில் போய் நில்லுங்கள். கூரை போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். பேரரசுக்குட்பட்ட 23 நாட்டார் திறை கொண்டு வரிசையாக வருகிறார்கள். ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு சைப்ரஸ் மரம். ஒவ்வொரு கூட்டத்தின் முதல் ஆளையும் அரண்மனைக்காரர் கையைப் பிடித்து அழைத்துப்போகிறார். இந்தியக் கூட்டத்தைத் தேடுங்கள்: இடுப்பில் வேட்டி, மேலே வெற்றுடம்பு, தோளில் காவடித் தண்டு, இரு பக்கமும் தொங்கும் கூடை, பின்னால் ஒரு கழுதை. தண்டின் வளைவும் அதைப் பிடித்திருக்கும் கையும் நேற்றுச் சந்தையில் பார்த்த மாதிரி இருக்கும். அதன் பிறகு மலைச்சரிவில் இருக்கும் கல்லறை வரை ஏறினால் முழு மேடையும் கீழே வரைபடமாய் விரியும்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் நக்ஷே ருஸ்தம். பாறையில் குடைந்த நான்கு அரசர் கல்லறைகளும், ரோமப் பேரரசர் வலேரியனைப் பாரசீக அரசர் சாபூர் வென்ற காட்சியும். முக்கால் மணி போதும்.

பெர்செபொலிஸ், நக்ஷே ருஸ்தம், பசார்கடே மூன்றையும் யஸ்த் போகும் வழியிலேயே முடித்துவிடலாம் என்று டாக்சிக்காரர் சொல்வார். முடியும், ஆனால் இரவு ஒன்பதுக்கு யஸ்த் சேர்ந்து படுக்கையில் விழுவீர்கள். பசார்கடேயை மட்டும் அந்த நாளுக்கு வையுங்கள். அங்கே பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸின் கல்லறை வெட்டவெளியில் தன்னந்தனியாக நிற்கிறது, அரை மணி. பிறகு அபர்கூவில் நான்காயிரம் ஆண்டு வயது சொல்லப்படும் சைப்ரஸ் மரம், கூம்பு வடிவ மண் ஐஸ் வீடு. பஸ் இங்கெல்லாம் நிற்காது என்பதால்தான் டாக்சி.

ஷீராஸ் மாலைகளில் ஒன்றைக் கவிஞர் ஹாஃபிஸ் கல்லறைக்கு விடுங்கள், இருட்டிய பிறகு. கல்லில் இரண்டு விரல் வைத்துக் கண்மூடி நிற்பார்கள். பிறகு அவர் கவிதை நூலைத் திறந்து வந்த பக்கத்தைக் குறியாகப் படிப்பார்கள். நம் ஊரில் கிளி ஜோசியம் பார்த்தவருக்கு வாசலில் சிட்டுக்குருவி அளவுப் பறவை கவிதைச் சீட்டு எடுத்துத் தருவது வியப்பாக இருக்காது. ஷா செராக் தர்காவில் பெண்களுக்கு உடல் முழுவதையும் மூடும் சாதர் கட்டாயம், வாசலிலேயே தருவார்கள்.

யஸ்த்

மண் நகரம். செய்ய வேண்டியது நடப்பதுதான், மாலை ஐந்தரைக்கு மேல், பழைய ஊர்ச் சந்துகளில். பழைய மரக்கதவுகளில் தட்டுவதற்கு இரண்டு பிடி இருக்கும்: கனத்த தண்டு ஆண் விருந்தினருக்கு, மெல்லிய வளையம் பெண்களுக்கு. சத்தத்தை வைத்தே யார் போய்க் கதவு திறப்பது என்று வீட்டில் முடிவு செய்வார்கள். தௌலதாபாத் தோட்டத்தில் 33 மீட்டர் உயரக் காற்றுக் கோபுரம் இருக்கிறது. மேலே பிடிக்கும் காற்று செங்குத்துக் குழாய்களில் இறங்கி, கீழே தொட்டித் தண்ணீர் மேல் தவழ்ந்து அறைக்குள் வருகிறது. காற்றே இல்லாத நாளில் உள்ளே இருக்கும் சூடு அதே குழாய் வழியாக மேலேறிப் போய்விடும். நேர் கீழே நின்று முகத்தை உயர்த்திப் பாருங்கள், புரிந்துவிடும்.

இஸ்லாத்துக்கு முந்தைய பாரசீக மதத்தைப் பின்பற்றும் ஜொராஸ்டிரியரின் தீக்கோயிலில் கி.பி. 470 முதல் அணையாமல் வருவதாகச் சொல்லும் தீ, கண்ணாடிக்குப் பின்னால். இப்போதைய கட்டடம் 1934இல் இந்தியப் பார்சிகள் அனுப்பிய பணத்தில் எழுந்தது. இருபது நிமிடத்துக்கு மேல் அங்கே வேலை இல்லை. தண்ணீர் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி கொடுங்கள். மலையடிவாரத்திலிருந்து பல பத்து கிலோமீட்டர் நிலத்தடியில் தண்ணீர் கொண்டுவரும் கனாத் சுரங்கத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்த ஊரைப் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி.

இஸ்ஃபஹான்

வந்த அன்று மாலை நக்ஷே ஜஹான் சதுக்கத்தில் சும்மா உட்காருங்கள். 560 மீட்டர் நீளம், 160 மீட்டர் அகலம். முதலாம் ஷா அப்பாஸ் 1598இல் தலைநகரை இங்கே மாற்றியபோது தொடங்கிய திட்டம். உள்ளூர்க் குடும்பங்கள் பாயும் தேநீர்க் குடுவையுமாகப் புல்லில் இறங்குவது ஏழு மணிக்கு.

மறுநாள் காலை ஒன்பதுக்கு ஷேக் லுத்ஃபுல்லா மசூதி. வாசலில் நுழைந்ததும் மண்டபம் தெரியாது. இருட்டான நடை ஒன்று வளைந்து போகும். சதுக்கம் ஒரு திசையில், மக்கா வேறு திசையில் இருப்பதால் அந்தக் கோணலைச் சரிசெய்ய இந்த வளைவு. இருட்டில் கண் பழகி முடிந்ததும் திடீரென்று குவிமாடம். மண்டப வாசலிலேயே நின்று நடு உச்சியைப் பாருங்கள்: நடுவில் தீட்டிய மயிலுக்கு, ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சக் கீற்று தோகையாக விழும். உள்ளே நாலடி நகர்ந்தால் தோகை கலைந்துவிடும். பிறகு ஷா மசூதி, பகல் தொழுகைக்கு மூடுவதற்குள். பெரிய குவிமாடத்துக்கு நேர் கீழே தரையில் கருங்கற்கள் பதித்த இடத்தில் ஒரு தாளை உதறினாலும் போதும், ஒலி படபடவென்று பல முறை திரும்பி வரும். அலி காப்பு மாளிகையின் இசை அறை கடைசி மாடியில். படிகள் குறுகல், உயரம் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடலாம்.

மூன்றாம் நாள் பழைய ஜாமே மசூதியில் தொடங்கி, கூரை போட்ட பஜார் வழியாகவே சுமார் இரண்டு கிலோமீட்டர் நடந்து சதுக்கத்துக்கு வாருங்கள். பிற்பகல் ஆர்மீனியர் வாழும் ஜுல்ஃபா, வாங்க் தேவாலயம். இரவில் 33 வளைவுப் பாலமும் காஜு பாலமும். நதியில் தண்ணீர் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். சாயந்தே ரூத் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும், விவசாயத்துக்குத் திறந்துவிடும் சில வாரங்களில்தான் ஓடும். வறண்டாலும் காஜு பாலத்தின் வளைவுகளுக்கடியில் ஆட்கள் கூடிப் பாடுவதுண்டு.

கஷானில் ஃபீன் தோட்டத்தைக் காலையிலும், தபாதபாயி, புருஜெர்தி வீடுகளை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் நீரூற்றுகளுக்குப் பம்பு கிடையாது. ஊற்றுத் தண்ணீரின் சரிவு அழுத்தமே போதும். நவீன ஈரானுக்கு அடித்தளமிட்ட அமைச்சர் அமீர் கபீரை 1852இல் கொன்றது அங்கே இருக்கும் குளியல் அறையில்தான்.

சாப்பாடு

பெயர்கள் ஏமாற்றும். ‘பனீர்’ என்றால் அங்கே பாலாடைக்கட்டி. நம் பன்னீருக்கு ‘குலாப்’ என்று சொல்ல வேண்டும். இஸ்ஃபஹானின் ‘பெர்யானி’யில் சோறே இருக்காது: கொத்திய ஆட்டிறைச்சியையும் நுரையீரலையும் சிறு கரண்டிச் சட்டியில் பொரித்து, ரொட்டிக்குள் வைத்து, பட்டைத்தூள், புதினா, பச்சை வெங்காயத்தோடு தருவார்கள். அது மதிய உணவு. இரவில் தேடினால் கடை மூடியிருக்கும்.

திஸி ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும், அதற்கு முறை இருக்கிறது. ஆட்டிறைச்சி, கொண்டைக்கடலை, வெள்ளை மொச்சை, உருளை, தக்காளி எல்லாம் மணிக்கணக்கில் வெந்த சிறு பானையும், காலிக் கிண்ணமும், கீரை மத்து மாதிரி ஓர் உலோகக் கட்டையும், ரொட்டியும் வரும். பானையைத் துணியால் பிடித்துச் சாய்த்து, கட்டையால் கறியை மறித்துக்கொண்டு, சாறு முழுவதையும் கிண்ணத்தில் வடியுங்கள். ரொட்டியைச் சிறு சிறு துண்டாகப் பிய்த்துச் சாற்றில் போட்டு அரை நிமிடம் ஊறவிட்டுக் கரண்டியால் சாப்பிடுங்கள். இது முதல் பந்தி. அடுத்து பானைக்குள் இருக்கும் காய்ந்த எலுமிச்சையை வெளியே எடுத்துவிட்டு, மீதியைக் கொழுப்புத் துண்டோடு சேர்த்து நன்றாக மசியுங்கள். எலுமிச்சையை விட்டு மசித்தால் கொட்டை நசுங்கிக் கசக்கும். கொழுப்பை ஒதுக்கினால் மசியல் வறண்டு தொண்டையில் நிற்கும். சாற்றை வடிக்காமல் மசித்தால் கஞ்சியாகிவிடும். மசியலை ரொட்டியில் அள்ளி, பச்சை வெங்காயம் கடித்துக்கொண்டு, ஊறுகாயோடு சாப்பிடுவது இரண்டாம் பந்தி.

கபாப் எங்கும் கிடைக்கும் என்பதாலேயே பயணிகள் அதையே பத்து நாள் சாப்பிட்டுச் சலித்துப்போகிறார்கள். கொர்மே சப்ஸி கேளுங்கள்: வெந்தயக்கீரை உள்ளிட்ட கீரைகள், ராஜ்மா, இறைச்சி, காய்ந்த எலுமிச்சை. ஃபெசெஞ்ஜான் என்பது அரைத்த வால்நட்டும் மாதுளைச் சாறும் சேர்ந்த குழம்பு. சோறு வந்தால் ‘தாதீக்’ இருக்கிறதா என்று கேளுங்கள். பானையின் அடியில் பொன்னிறமாகப் பிடித்த காந்தல். நம் வீட்டில் பிள்ளைகள் சண்டை போடும் அதே பொருள், அங்கே விருந்தாளிக்கு மரியாதை. ஷீராஸில் ஃபாலூதே: உறைந்த சேமியா, பன்னீர், மேலே எலுமிச்சை.

சைவர்களுக்கு முடியும், கவனம் வேண்டும். ‘பெதூனெ கூஷ்த்’ என்றால் இறைச்சி இல்லாமல். அதை மட்டும் சொன்னால் கோழி வரும். கோழியை அவர்கள் கூஷ்தில் சேர்ப்பதில்லை. ‘மோர்க்’ வேண்டாம், ‘மாஹி’ வேண்டாம் என்று கோழியையும் மீனையும் தனியே சொல்லுங்கள். கத்தரிக்காயும் புளித்த தயிர்க்கட்டியும் சேர்ந்த கஷ்கே பாதெம்ஜான், பருப்புச் சோறான அதஸ் போலோ, தயிர் வெள்ளரி, காலையில் ரொட்டி–பனீர்–கீரை எல்லாம் நம்பலாம். ஆஷ் ரெஷ்தே என்னும் கெட்டியான சூப்பில் எலும்புச்சாறு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் மீர்சா காசெமியும் கூக்கூ சப்ஸியும் சேரும். கூழாங்கல் மேல் சுடும் சங்கக் ரொட்டியை உணவகத்தில் ஆறிப்போய்ச் சாப்பிடாதீர்கள். அடுப்பு எரியும் நேரத்தில் ரொட்டிக் கடை வரிசையில் நில்லுங்கள். அடியில் கல் ஒட்டியிருக்கும், தட்டிவிட்டுக் கடியுங்கள்.

‘வேண்டாம்’ என்றால் வேண்டும்

டாக்சியிலிருந்து இறங்கி “எவ்வளவு?” என்கிறீர்கள். ஓட்டுநர் நெஞ்சில் கை வைத்து “காபெல் நதாரே” என்கிறார், பெரிதாக ஒன்றுமில்லை என்று. நன்றி சொல்லிவிட்டு நடந்தால் அவர் முகம் மாறிவிடும். இது தாரோஃப் என்னும் உபசாரம். மறுபடி கேளுங்கள், மறுபடி மறுப்பார். மூன்றாம் முறை தொகையைச் சொல்வார். விருந்துக்கு அழைத்தாலும் இதே கணக்கு: நம் ஊரில் “சாப்பிட்டுப் போங்க” என்பதற்கு முதலில் “இருக்கட்டும்” என்கிறோமே, அப்படி இரண்டு முறை மறுத்த பிறகும் நேரம், முகவரி சொல்லி அழைத்தால் அது நிஜ அழைப்பு. தயங்காமல் போங்கள், கையில் இனிப்புப் பெட்டியோடு.

வாங்கி வருவது

இஸ்ஃபஹானில் மர அச்சால் துணியில் பதிக்கும் ‘கலம்கார்’ நம் கலம்காரிக்கு ஒன்றுவிட்ட உறவு. கம்பளம் வாங்கினால் முதலில் பின்பக்கத்தைத் திருப்புங்கள்: கையால் முடிச்சிட்டதில் பின்னாலும் அதே கோலம் தெளிவாக இருக்கும், ஓரக் குஞ்சம் கம்பளத்தின் நூலேதான், தனியாகத் தைத்ததாக இருந்தால் இயந்திரத் தயாரிப்பு. குங்குமப்பூவை ‘மெஸ்கால்’ கணக்கில் விற்பார்கள், ஒரு மெஸ்கால் சுமார் 4.6 கிராம். சிவப்பு நுனி மட்டும் இருப்பது ‘சர்கோல்’. கொஞ்சம் மஞ்சள் தண்டோடு வருவது ‘பூஷால்’, விலை குறைவு. கடைக்காரரிடம் வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டு இரண்டு இழை போடுங்கள்: நல்ல பூவில் மஞ்சள் நிறம் மெதுவாக இறங்கும், இழை சிவப்பாகவே இருக்கும். போட்டதும் குபீரென்று சிவப்பு பரவி இழை வெளுத்தால் சாயம்.

குங்குமப்பூக் கொள்முதலைக் கடைசி ஊரான கஷானுக்குத் தள்ளிவையுங்கள். மிச்சமிருக்கும் ரியாலை நாட்டுக்கு வெளியே எந்தக் கவுண்டரிலும் மாற்றித் தர மாட்டார்கள். விமான நிலைய டாக்சிக்கும் ஒரு தேநீருக்கும் எடுத்து வைத்துவிட்டு, மீதியைக் குங்குமப்பூவாகவும் பிஸ்தாவாகவும் மாற்றிவிடுங்கள். பன்னீர்ப் புட்டி வாங்கினால் பதிவுசெய்யும் பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் நின்றுவிடும்.